வலிக்காத இடம்

ஏரல்
25 ஆகஸ்ட் 2024

செல்வி,

நலமான்னு கேட்டு ஆரம்பிக்க முடியாத இடத்துல நீ கிடக்க. அதனால கேக்கல.

நேத்து மத்தியானம் உன் வீட்டுக்காரரு நம்ம பாத்திரக்கடை வாசல்ல வந்து நின்னாரு. ரெண்டு கையிலயும் கட்டு. அப்பா கல்லாவை விட்டு எந்திரிக்கவே இல்ல. "என்ன வேணும்?"னு குடம் வாங்க வந்த ஆளுகிட்ட கேக்குற மாதிரிதான் கேட்டாவ. அவரு தெருவுல நின்னுக்கிட்டே சொன்னாரு: "மாமா, செல்வி மதுரையில ஆஸ்பத்திரியில கிடக்கா. கேஸ் தீப்புடிச்சிட்டு. முதுகு, இடது கை, இடது காலு எல்லாம் வெந்துட்டு. டாக்டர் அனுசியாவைக் கேக்குதாரு."

அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாவ. "தீ புடிச்சுதா, நீ வச்சியா?"

கடையில வாடிக்கை நிக்காங்க. உன் வீட்டுக்காரரு கட்டுப் போட்ட கையைக் கூப்பிக் கும்பிட்டுட்டு பஸ் ஸ்டாண்டைப் பாக்க நடந்துட்டாரு. நான் உள்ள குடோன்ல ஒரு அண்டாவைப் புடிச்சமேனிக்கு நின்னு எல்லாத்தையும் கேட்டேன்.

அதனால நேரா கேக்கேன். ஏழு வருசமா பேசாம இருந்துட்டு முதல் கேள்வியா இதைக் கேக்க வேண்டியிருக்கு. உனக்கு அவரு வச்சாரா? பயந்துக்கிட்டுப் பொய் சொல்லாத. ஸ்டவ் வெடிச்சுட்டுன்னு சொல்லிட்டுச் செத்த பொம்பளைங்க எத்தனை பேருன்னு உனக்கும் தெரியும். ஒரே வயித்துல பத்து மாசம் உன்கூட இடிச்சுக்கிட்டுக் கிடந்தவ கேக்கேன். உண்மையைச் சொல்லு.

போன்ல கேக்க மாட்டேன். உன் நம்பரை நான் தடுத்து வச்சது வச்சதுதான். அதோட நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே குரல். நீ அழுதா நான் அழுற மாதிரியே எனக்குக் கேக்கும், அப்புறம் கேக்க வந்ததெல்லாம் மறந்துரும். எழுது. கை முடியலைன்னா யாரையாவது வச்சு எழுது. உன் வீட்டுக்காரரை வச்சு எழுதாத.

மதுரைக்குச் சரக்கெடுக்கப் போற நம்ம வேன்ல, டிரைவர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி கையில இதைக் குடுத்து விடுதேன். பதிலும் அவங்ககிட்டயே குடு.

டாக்டருக்கு என்கிட்ட என்ன வேணுமாம்?

அனுசியா


மதுரை
28 ஆகஸ்ட் 2024

அனு,

இது என் கையெழுத்து இல்ல. நர்ஸ் அற்புதமணி சிஸ்டர் எழுதுதாங்க. வலது கை நல்லாத்தான் இருக்கு, ஆனா குப்புறப் படுத்துக்கிட்டு எழுத வரல. இனிகோ பக்கத்துல இல்ல. தீக்காய அறைக்குள்ள யாரையும் விட மாட்டாங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டுப் போவான்.

நீ கேட்டதையே ஒரு மாஜிஸ்திரேட் அம்மாவும் வந்து கேட்டாங்க. "கதவைச் சாத்தியாச்சு, வீட்டுக்காரர் வெளிய இருக்காரு, தைரியமா சொல்லும்மா"ன்னு. அவங்ககிட்ட சொன்னதையே உனக்கும் சொல்லுதேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வார லாரிக்காரங்களுக்கு நாங்க மத்தியானச் சாப்பாடு ஆக்கிக் குடுக்கோம். அன்னைக்கு ஒரு அடுப்புல சோறு வடிச்சு இறக்கிட்டு, அடுத்ததைப் பத்த வச்சேன். டியூப் கீழ கசிஞ்சிருக்கு, மீன் வாடையில எனக்குத் தெரியல. பொசுக்குன்னு தீ தரையோட ஓடி வந்து நைட்டியில புடிச்சுது. நைலான் நைட்டி. அது எரியல அனு, உருகி ஒட்டிக்கிட்டு. இனிகோ ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கிப் பாத்தான், பத்தாதுன்னு கையால உருவி எடுத்தான். நீ பாத்த கட்டு அதுதான். அவன் ஏரலுக்கு வந்ததையும், அப்பா என்ன கேட்டாவன்னும் எங்கிட்ட சொல்லவே இல்ல. உன் லெட்டரை சிஸ்டர் படிச்சுத்தான் தெரியும்.

உனக்கு ஒரு அதிசயம் சொல்லட்டா? எனக்கு முதுகு வலிக்கல. விரல்லயும் கழுத்தோரத்துலயும் உயிர் போச்சு, முதுகு மட்டும் சும்மா கிடந்துது. முதுகு தப்பிச்சிட்டுன்னு நெனைச்சு, டாக்டர் தேவபிரசாதம் வந்ததும் சந்தோசமா சொன்னேன். அவரு என் முகத்துக்கு நேரா குனிஞ்சாரு. அப்புறம், "வலிக்குற இடத்தைப் பத்தி எனக்குக் கவலையில்லம்மா. வலிக்காத இடம்தான் போன இடம்"னு சொன்னாரு.

தோலு ரெண்டு அடுக்காம். மேல இருக்கது மெல்லிசு, தாள் மாதிரி. அது பொசுங்கினா திரும்ப வந்துரும். அதுக்குக் கீழ அடித்தோல்னு ஒண்ணு இருக்காம். சூடு, குளிரு, குத்துறது, தொடுறது எல்லாத்தையும் அறியுற நரம்பு நுனியெல்லாம் அதுக்குள்ளதானாம். அதுவே முழுசா வெந்துட்டா வலிக்கதுக்கும் அங்கன ஆள் இல்ல. நான் இத்தனை வருசமா வலியைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன். அது காவலுக்கு இருந்திருக்கு.

போன அடித்தோலு தானா முளைக்காது. நல்ல இடத்துல இருந்து எடுத்து ஒட்டணும். என் உடம்புல மிச்சம் இருக்கது பத்தாது. வேற மனுசங்க தோலை வச்சா ரெண்டு மூணு வாரத்துல உடம்பு உதறித் தள்ளிரும். பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு இறந்து போனவங்க தானமா குடுத்த தோலைப் போர்த்தியிருக்காங்க, அது கொஞ்ச நாள் மூடி வைக்கத்தான். ஒரே கருவுல இருந்து பிரிஞ்ச ரெட்டைன்னா மட்டும் தள்ளாதாம். உன்னைப் பத்தி இனிகோதான் டாக்டர்கிட்ட சொல்லிட்டான். நான் சொல்லச் சொல்லல.

நீ வரவேண்டாம். வேற வழி பாத்துக்கிடுவோம்.

செல்வி

இதை எழுதின நான் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன், மன்னிக்கவும். வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சீக்கிரம் வாருங்கள். – அற்புதமணி


மதுரை, அதே ஆஸ்பத்திரி, மூணாவது மாடி
8 செப்டம்பர் 2024

செல்வி,

உன் தலைக்கு நேர் மேல ஒரு மாடி தள்ளி இருக்கேன். வந்து நாலு நாளாச்சு. நாளைக்குக் காலையில ஆபரேசன்.

வீட்டுல நடந்ததைச் சுருக்கமா சொல்லுதேன். எங்க மாமியார், "கட்டிக் குடுத்த பொண்ணு தோலை உரிச்சுக் குடுக்கதா, எங்கயாவது உண்டா?"ன்னு ஒப்பாரி வச்சாவ. எங்க வீட்டுக்காரவிய மூஞ்சியைப் பாக்காம "உன் இஷ்டம்"னு சொல்லிட்டு, பின்னாலயே பையைத் தூக்கிட்டு வந்துட்டாவ. அப்பா மட்டும் இன்னைய வரைக்கும் என்கூடப் பேசல. உன்னைத் தலைமுழுகின மனுசன், இப்ப என்னையும் சேத்து முழுகிட்டாவளோ என்னவோ.

முதல்ல நாம ஒரே கருவா, சும்மா கூடப் பொறந்த ரெட்டையான்னு ரத்தம் எடுத்துப் பாத்தாவ. முடிவு வார வரைக்கும் எனக்கு ஒரே யோசனை. ஏரல்ல எல்லாரும் கறுப்பி, சிவப்பின்னுதான நம்மளை அடையாளம் வச்சாங்க? வேற வேறயா இருந்துட்டா என்ன செய்யன்னு. டாக்டர்கிட்ட கேட்டேன். சிரிச்சிட்டாவ. "அந்தக் கறுப்பு சிவப்பெல்லாம் மேல்தோல் சமாச்சாரம், வெயில் குடுத்தது. ஒரு மயிரிழை கனம்கூட இருக்காது. கீழ ரெண்டு பேரும் ஒண்ணுதான்"னாவ.

"ஒரு இடத்துல மட்டும் வேற. உங்க கைரேகை. அடித்தோலோட மேல்பக்கம் சமமா இருக்காதும்மா, சின்னச் சின்ன மேடா எழும்பி மேல்தோலுக்குள்ள கோத்துக்கிட்டு நிக்கும். விரல்ல அந்த மேடெல்லாம் வரிசை கட்டி நிக்கதுதான் ரேகை. அது மட்டும் கருவுல கிடந்த கிடையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறிரும், ஒரே கருவுல பிரிஞ்ச ரெட்டைக்கும் மாறிரும்"னாவ.

எனக்கு அது ஏனோ ஒரு நிம்மதியா இருந்துது. ஒரேயடியா ஒண்ணு இல்லைல்லா.

நான் கடைக்காரி, வாங்குற பொருளை நாலு தட்டு தட்டிப் பாக்காம விட மாட்டேன். அதனால டாக்டரை விடல. "அடித்தோலுன்னா என்ன, சதையா?"ன்னு கேட்டேன்.

"சதையும் இல்ல, கொழுப்பும் இல்ல, அதுக்கெல்லாம் மேல. நீங்க போட்டிருக்கது தோல் செருப்புதான?"

"ஆமா."

"அது மாட்டோட அடித்தோல். மேல்தோலை முதல்லயே சுரண்டி எடுத்துருவாங்க. இத்தனை வருசம் மிதிச்சும் கிழியலைல்லா? அவ்வளவு பலமான நார் அதுக்குள்ள குறுக்கும் மறுக்குமா பின்னிக் கிடக்கு. கூடவே ரப்பர் மாதிரி இன்னொரு நார், இழுத்து விட்டா பழையபடி வந்து நிக்கதுக்கு."

செருப்பைக் கழத்திக் கையில எடுத்துப் பாத்தேன் செல்வி. அந்த இடத்துல வெக்கமே இல்லாம உக்காந்து பாத்தேன். அந்தப் பின்னலுக்கு நடுவுலதான் ரத்தக்குழாய் ஓடுதாம். வெயிலுக்கு விரிஞ்சு சூட்டை வெளிய விடுமாம், குளிருக்குச் சுருங்கி உள்ள வச்சுக்கிடுமாம். வேர்வை ஊறுறதும், மயிர் ஊணி நிக்கதும், தோலுக்கு எண்ணெய் கசியுறதும் அங்கனதான். மேல்தோலுக்குச் சொந்தமா ஒரு சொட்டு ரத்தம் கிடையாதாம், கீழ இருக்கது ஊட்டித்தான் அது உயிரோட இருக்காம். முப்பத்திரெண்டு வருசமா நான் பவுடர் போட்டதெல்லாம் போர்வைக்குத்தான், ஆளு உள்ள இருந்திருக்கு.

"என்கிட்ட எடுத்த இடம் என்ன ஆகும்?"னு கேட்டேன். தொடையில கேரட் சீவுற மாதிரி மேலாகச் சீவுவாவளாம். மேல்தோலும் அடித்தோல்ல மேல்பக்கமும்தான் வரும். மிச்ச அடித்தோல் என்கிட்டயே இருக்கும். அதுல ஊணி நிக்குற மயிர்வேர்லயும் வேர்வைச் சுரப்பியிலயும் இருந்து புதுத்தோல் கிளம்பி மேல வந்து பரவிருமாம்.

"கோரைப்புல்லை அறுத்த மாதிரியா?"

"அதேதான். அடி இருந்தா துளிர்த்துரும். உங்க அக்காவுக்கு அடியே இல்ல."

அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. கையெழுத்துப் போட்டுட்டேன்.

கடைசியா ஒண்ணு. ஆபரேசனுக்கு முன்னயும் சரி, பின்னயும் சரி, நான் உன்னைப் பாக்க வர மாட்டேன். நீயும் கூப்பிட்டு விடாத. தோலைத் தாரேன். மத்தது வேற கணக்கு.

அனுசியா


மதுரை
15 செப்டம்பர் 2024

அனு,

இது என் கையெழுத்துதான். நெஞ்சுக்கு அடியில தலவாணி வச்சு, மூச்சு வாங்கி வாங்கி எழுதுதேன். எழுத்து நண்டு ஊருன மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ.

நேத்து கட்டைப் பிரிச்சாங்க. அதுக்கு முந்தி நாள் முழுக்க டாக்டர் புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தாருன்னு சிஸ்டர் சொன்னாங்க. ரெட்டைகிட்ட எடுத்து ஒட்டுறது அவருக்கும் இது முதல் தடவையாம். படிச்சிருக்காராம், செஞ்சதில்லையாம்.

ஒட்டும்போது உன் தோலு வெளிறிப் போய்க் கிடந்துச்சாம். ஒரு மெஷின்ல விட்டு அதுல பொடிப்பொடியா கீறல் போட்டு, விரிச்சு, வலை மாதிரி ஆக்கித்தான் போர்த்தினாங்களாம், அப்பத்தான் கொஞ்சத் தோலு நிறைய இடத்துக்குக் காணும். முதல் ரெண்டு நாளு கீழ கசியுற நீரைக் குடிச்சுத்தான் அது பிழைச்சுக் கிடக்குமாம். அப்புறம் என் உடம்புல இருந்து மயிரைவிட மெல்லிசான ரத்தக்குழாய் கிளம்பிப் போய், உன் தோலுக்குள்ள வெறுமனே கிடக்குற குழாய் வாயைத் தேடிப் புடிச்சு ஒட்டிக்கிடுமாம்.

"வழி யாரு டாக்டர் சொல்லிக் குடுக்கா?"ன்னு கேட்டேன்.

"அதுதான் எனக்கும் ஆச்சரியம்"னாரு.

முதுகை நான் எப்படிப் பாக்க? சிஸ்டர் போன்ல வீடியோ புடிச்சுக் காட்டினாங்க. ரோஸ் கலர்ல, கண்ணி கண்ணியா ஒரு வலை. டாக்டர் விரலால லேசா அமுக்கினாரு, அந்த இடம் வெளுத்துச்சு. கையை எடுத்தாரு, திரும்பச் சிவந்துச்சு. அமுக்குனது எனக்குத் தெரியல, வீடியோவுல பாத்தேன். அவரு "ரத்தம் போய்ட்டு வருது"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. சிஸ்டர் சிலுவை போட்டுக்கிட்டாங்க.

உன் தோலுக்குள்ள என் ரத்தம் ஓடுது அனு. நீ என்கூடப் பேசாட்டியும் அது ஓடுது.

ஆனா ஒரு பயம் இருக்கு. பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் ஒட்டினப்ப இப்படித்தான் சிவந்திருந்துச்சாம். இப்ப ஓரமெல்லாம் கறுத்து உரிய ஆரம்பிச்சிட்டு. எனக்கும் மூணாவது வாரம் தாண்டணும்னு டாக்டர் சொல்லுதாரு. இனிகோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு விரலை மடக்கி மடக்கிக் காட்டுதான். நாளை எண்ணுதானா, செபம் சொல்லுதானான்னு தெரியல.

நீ ஊருக்குப் போய்ட்டன்னு சொன்னாங்க. போகும்போது ஒரு மாடி கீழ இறங்கியிருக்கலாம். சரி, விடு.

செல்வி


ஏரல்
24 செப்டம்பர் 2024

ஏளா செல்வி,

உனக்கு வலிக்காத வலியெல்லாம் நான் படுதேன். நல்லாருந்த தோலைச் சீவுனா அடியில இருக்க நரம்பெல்லாம் திறந்து கிடக்குமாம், காத்து பட்டாலே காந்துது. பாவாடை உரசினா உசுரு போகுது. கட்டு மேல ஒரு ஈ உக்காந்தா அது எத்தனை காலோட உக்காந்திருக்குன்னு சொல்லிருவேன். டாக்டர்கிட்ட போன்ல கத்தினேன். "ரொம்ப நல்லதும்மா, உங்க அடித்தோல் உசுரோட இருக்கு"ன்னு சொல்லுதாவ. வச்சுட்டேன்.

படுத்தே கிடக்கதுனால பழசெல்லாம் மேல வருது. எழுதிருதேன்.

உன்னால எனக்கு நிச்சயம் பண்ணின சாத்தான்குளத்து இடம் போச்சு. "ரெட்டையில ஒருத்தி சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையன்கூட ஓடிட்டா, இன்னொருத்தி மட்டும் எப்படி இருப்பா?"ன்னு தட்டைத் திருப்பி அனுப்பிட்டாவ. அதை நான் எப்பவோ விட்டுட்டேன். இப்ப வாழுத வீடு நல்ல வீடு. அது இல்ல என் கோவம்.

நீ போன அன்னைக்குக் காலையில எனக்குத் தலை சீவி விட்ட. ரெட்டைச்சடை போட்டு, "இன்னைக்கு அழகா இருக்களா"ன்னு சொன்ன. அந்தச் சீப்பு என் தலையில இருக்கும்போதே உனக்குத் தெரியும், இன்னும் ரெண்டு மணி நேரத்துல போயிருவோம்னு. ஒரு வார்த்தை சொல்லல. நீ போனதைப் பக்கத்துக் கடைக்காரன் சொல்லி எனக்குத் தெரியுது. நான் என்ன வேத்து ஆளா? ஊருக்குத் தெரியதுக்கு முந்தி எனக்குத் தெரிய வேண்டாமா?

இதுக்குப் பதில் எழுது. வேற எதுவும் எழுதாட்டாலும் இதுக்கு எழுது.

மூணாவது வாரம் என்ன ஆச்சுன்னும் எழுது.

அனுசியா


மதுரை
14 அக்டோபர் 2024

அனு,

பதில் தாமசமானதுக்குக் காரணம் பயம்தான். நீ எழுதினது கையில கிடைச்ச அன்னைக்கே வலது தோள்பட்டை பக்கம் ஒரு கைஅகலம் கறுத்துட்டு. டாக்டர் முகத்தைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுட்டு. பக்கத்துக் கட்டில் காலியாயி ரெண்டு நாள்தான் ஆயிருந்துச்சு, அந்த அக்கா தாங்கல. அடுத்து நான்தான்னு நெனைச்சேன். இனிகோகிட்ட கண்ணாடி வழியா சைகையில, வீட்டுல இருக்க கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துரச் சொன்னேன். அவனுக்குப் புரியல, சேவல் றெக்கை மாதிரி வலது கையை அடிச்சுக் காட்டினேன். அவன் சிரிச்சான், அப்புறம் அழுதான்.

உடம்பு தள்ளுனது இல்லையாம். அந்த இடத்துல மட்டும் கீழ ரத்தம் கட்டி, தோலை அடியில இருக்க சதையைத் தொட விடாம தூக்கிட்டாம். தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் குழாய் சேரும். அதை எடுத்துட்டு, என் வலது தொடையில இருந்து கொஞ்சம் எடுத்து வச்சாங்க. உன் தோலும் என் தோலும் இப்ப பக்கத்துல பக்கத்துல இருக்கு. எது எதுன்னு டாக்டருக்கே தெரியல. அஞ்சு வாரம் முடிஞ்சுட்டு, வேற ஒரு இடம்கூட உரியல. வெளியூர்ல இருந்தெல்லாம் டாக்டருங்க வந்து பாக்காங்க. குப்புறக் கிடக்குற என் முதுகைச் சுத்தி பத்துப் பதினஞ்சு பேரு பேச்சில்லாம நிக்கும்போது, கோயில்ல நடை திறந்ததும் ஒரு நிமிசம் எல்லாரும் வாயடைச்சு நிப்பாங்களே, அப்படி இருக்கு.

நீ கேட்டதுக்கு வாரேன்.

சொல்லியிருந்தா நீ என்னைத் தடுத்திருக்க மாட்ட, எனக்குத் தெரியும். பையைக்கூட எடுத்துக் குடுத்திருப்ப. ஆனா அப்பா உன்னை நிக்க வச்சுக் கேக்கும்போது உன் மூஞ்சியில தெரிஞ்சுரும். உனக்குப் பொய் சொல்ல வராது, எனக்கு வரும். நீ நெசமாவே தெரியாம முழிச்சாத்தான் உன்னை அடிக்க மாட்டாவன்னு நெனைச்சேன். அடிக்கலைல்லா?

மன்னிப்புக் கேக்கல அனு. திரும்ப அந்தக் காலை வந்தாலும் தலை சீவி விட்டுட்டுச் சொல்லாமத்தான் போவேன். ஆனா போற வழி முழுக்க அழுதேன். அதை மட்டும் உங்கிட்ட சொன்னதில்ல.

செல்வி


ஏரல்
19 ஜனவரி 2025

செல்வி,

மன்னிப்புக் கேக்கலைன்னு எழுதின பாரு, அதுக்காக மூணு மாசம் உனக்கு எழுதல. கேட்டிருந்தா ஒரு வேளை இன்னும் கோவம் வந்திருக்கும். பொங்கல் முடிஞ்சு உக்காந்திருக்கேன், எழுதிப் பாப்போம்னு தோணுச்சு. நீ தூத்துக்குடிக்கே, திரேஸ்புரம் வீட்டுக்கு வந்துட்டன்னு சிஸ்டர் போன் பண்ணிச் சொன்னாவ.

என் தொடை ஆறிட்டு. கொஞ்சம் வெளிறின கட்டம் கட்டமா இருக்கு, அவ்வளவுதான். போன வாரம் குளிக்கும்போது பாக்கேன், அந்த இடத்துல பூனைமயிர் முளைச்சிருக்கு. சோப்பைக் கீழ போட்டுட்டேன். சீவி எடுத்து வேற ஒரு மனுசி முதுகுல ஒட்டிட்டு வந்த இடம் செல்வி! அதுக்கு யாரு போய்ச் சொன்னா, முன்னால இங்க மயிர் இருந்துச்சுன்னு? ரொம்ப நேரம் அதைத் தடவிக்கிட்டே நின்னேன்.

அப்பா பேச ஆரம்பிச்சிட்டாவ. கார்த்திகை மாசம் ஒருநாள் கடையில நான் காலை இழுத்து நடக்கதைப் பாத்துட்டு, "வலிக்கா?"ன்னாவ.

"எனக்கா, அவளுக்கா?"ன்னேன்.

அப்பா கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ண ஆரம்பிச்சிட்டாவ. வேற ஒரு நாளு, சொம்பைத் துடைச்சுக்கிட்டே, "எப்படித்தான் புடிச்சுதாம்?"னாவ. தீ புடிச்ச கதையை, நீ எழுதினது மாறாம சொன்னேன். நைலான் உருகி ஒட்டினதை, அவரு கையால உருவினதை. அப்பா துடைச்ச சொம்பையே துடைச்சுக்கிட்டு இருந்தாவ. அன்னைக்கு மத்தியானம் சாப்பிட வரல.

எல்லாரும், நீ ஏன் இன்னும் போய்ப் பாக்கலைன்னு கேக்காவ. கோவம்னு சொல்லிட்டு வாரேன். உனக்கு மட்டும் சொல்லுதேன். கோவம் இல்ல, பயம். வேற யாரு போனாலும் உன் காயத்தைத்தான் பாப்பாங்க. நான் பாத்தா என் முதுகைப் பாப்பேன். சின்னதுல கண்ணாடிக்கு முன்னால நின்னு நீ யாரு நான் யாருன்னு குழம்புவோமே, அதே குழப்பம் எனக்கு வந்துரும்னு பயமா இருக்கு. ஆஸ்பத்திரியில ஒரு மாடி இறங்கினேன் செல்வி. நீ நெனைக்க மாதிரி இறங்காம போகல. உன் அறைக் கண்ணாடி வரைக்கும் வந்தேன். உன் வீட்டுக்காரரு என்னைப் பாத்துட்டு விலகி இடம் விட்டாரு. நான் கண்ணை மூடிக்கிட்டு நின்னுட்டு, உன்னைப் பாக்காமலே திரும்பி வந்துட்டேன். அவரு உங்கிட்ட சொல்லலைன்னா, நல்ல மனுசன்தான்.

உனக்கு அங்க எதுவும் தெரியுதா? தொட்டா தெரியுதா?

அனு


திரேஸ்புரம், தூத்துக்குடி
20 ஏப்ரல் 2025

அனு,

இனிகோ சொல்லல. நீ எழுதினதைப் படிச்சுட்டு அவனைக் கேட்டேன். "அவங்க கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க, அதை நான் எப்படிச் சொல்ல?"ன்னான்.

நீ கேட்டதுக்குப் பதில் இப்பத்தான் எழுத முடியுது. சொல்லதுக்கு இப்பத்தான் ஒண்ணு நடந்துச்சு.

முதல்ல ஒண்ணும் தெரியல. வேர்வையும் இல்ல, நீ தந்த மெல்லிசுத் தோலோட வேர்வைச் சுரப்பி சேந்து வரல, அதுங்க ஆழத்துல ஊணினது. இந்தச் சித்திரை வெயில்ல நெத்தியும் கழுத்தும் ஊத்தா ஊத்துது, முதுகு மட்டும் காஞ்ச கருவாடு மாதிரி. சூடு வெளியேற வழி இல்லாம மயங்கி வந்துரும், ஈரத்துண்டைப் போட்டுக்கிட்டே இருக்கணும். எண்ணெய்ப்பசையும் கிடையாது, அதனால காலையும் சாயந்தரமும் இனிகோ தேங்காயெண்ணெய் தடவி விடுவான். நாலாவது மாசம் அரிப்பு வந்துச்சு, சொறிய முடியாத அரிப்பு. டாக்டர்கிட்ட அழுதேன். அவரு கைதட்டாத குறைதான். "நரம்பு உள்ள வருதும்மா. ஓரத்துல இருந்தும் அடியில இருந்தும் ஊர்ந்து வருது. வந்த புதுசுல அதுக்கு எது என்னன்னு தெரியாது, எல்லாத்தையும் அரிப்புன்னுதான் சொல்லும். போகப் போக பழகும்"னாரு.

பழகுச்சு. முதல்ல குத்துனா தெரிஞ்சுது. பிறகு ஐஸ் வச்சா தெரிஞ்சுது. தொடுறது ஓரத்துல மட்டும், கரையை ஒட்டி வார தண்ணி மாதிரி, தினம் கொஞ்சம் உள்ள. நடு முதுகு மட்டும் ஊமையாவே கிடந்துச்சு. அதுக்கு ரொம்ப நாளாகும், வராமலும் போகலாம்னுட்டாரு. தோலுக்குள்ள ஒவ்வொண்ணையும் அறிய ஒவ்வொரு சாதனம் இருக்காம். லேசாத் தொட்டா அறிய ஒண்ணு மேல நிக்குமாம். அதிர்வை அறிய இன்னொண்ணு, சின்ன வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா, ரொம்ப ஆழத்துல உக்காந்திருக்குமாம். கப்பல் சங்கு ஊதுனா நாம உடம்பால கேப்போம்லா, அந்த மாதிரி.

இன்னைக்கு ஈஸ்டர். காலையில பூசைக்குப் போய்ட்டு வந்து, குப்புறப் படுத்திருந்தேன். இனிகோ எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துட்டு வந்தான். வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க, "இரு வாரேன்"னு எழுந்து போனான். திரும்ப வந்து தடவ ஆரம்பிச்சான். ஓரத்துல கை பட்டது வழக்கம் போல தெரிஞ்சுது. கை நடு முதுகுக்குப் போச்சு. எப்பவும் அதோட கை காணாமப் போயிரும்.

இன்னைக்குப் போகல அனு. உள்ளங்கை முழுக்கத் தெரிஞ்சுது. அதோட, அந்தக் கை நடுங்குறதும் தெரிஞ்சுது. பூப் போல ஒரு நடுக்கம், விடாம.

நான் சந்தோசத்துல, "இனிகோ, எனக்குத் தெரியுதுல! உன் கை ஏன் இப்படி நடுங்குது?"ன்னு கேட்டேன்.

தடவிக்கிட்டு இருந்த கை மட்டும் அப்படியே நின்னுட்டு. இனிகோ சத்தம் வாசப்பக்கம் கேட்டுச்சு, யாருக்கோ நாற்காலி எடுத்துப் போடுற சத்தம்.

"வயசாயிட்டுல்லா"ன்னு தலைக்கு மேல அப்பா சொன்னாவ.

நான் திரும்பல. திரும்பியிருந்தா ரெண்டு பேரும் ஏதாவது பேச வேண்டியிருக்கும். அவங்க திரும்பக் கிண்ணத்துல கையை முக்கி, தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும், ஒரு கண்ணி விடாம தடவினாவ. ஏழு வருசமா என்னைத் தொடாத கை. அது எங்க எங்க போகுதுன்னு ஒவ்வொரு இடமா உன் தோலு எனக்குச் சொல்லிக்கிட்டே வந்துச்சு.

அப்பா இப்ப வெளிய உக்காந்து இனிகோகூட மோர் குடிக்காவ. என்ன பேசுதாங்கன்னு கேக்கல, பேசுதாங்க. இந்த லெட்டரை அவங்க கையிலயே குடுத்து விடுதேன். அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாரேன்னு சொல்லியிருக்காவ. நீயும் கூட வா. கண்ணை மூடிக்கிட்டே வந்தாலும் சரி, கையை மட்டும் வை. யாருன்னு நான் சொல்லுதேன்.

செல்வி